தோல் பிடிக்காத தட்டுகள்

போன வாரம் மலாக்கா குருபோங்கில் உங்கள் வடிகட்டி ஆலையைச் சுற்றிக் காட்டினீர்கள். கண்ணாடிக்குப் பின்னால் களிமண் குழம்பு உறைகிறது, பக்கத்துத் திரையில் எண்கள் ஓடுகின்றன, யாரும் கை நனைப்பதில்லை. உங்களில் ஒரு பெண், "ஐயா, ஒங்க காலத்துல இதெல்லாம் எப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டாள். "உப்பும் பிடிவாதமும் வச்சுத்தான்" என்றேன். எல்லாரும் சிரித்தீர்கள். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. அதனால்தான் வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன்.

உறையவைப்பது எப்படி என்று நான் சொல்லித்தரப் போவதில்லை. அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். என் பெயர் மணியம். தொழிலில் இருந்த வரைக்கும் என் முதுகுக்குப் பின்னால் எல்லாரும் என்னை 'பம்ப் மணியம்' என்றுதான் சொன்னார்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு சொன்னார்கள். அந்தப் பெயர் எனக்கு வந்த கதைதான் இது. பெருமையாகச் சொல்லிக்கொள்ள அதில் அதிகம் இல்லை.

மலாயா சுதந்திரம் அடைந்த வருஷம் எனக்கு இருபத்து மூன்று வயது. காஜா பேராங்கில், செட்டிகளின் கம்போங் என்ற கிராமத்துக்குப் பக்கத்தில், தகரக்கூரை போட்ட ஒரு பட்டறையில் வேலை. பட்டறையின் தவுக்கே ஒரு சீனர். முதலாளிதான், ஆனால் எங்களோடு சேர்ந்து மண் மிதிப்பார். குடிதண்ணீர் வடிகட்டுவதற்கான மண்தட்டு செய்வதுதான் எங்கள் தொழில். தேநீர்க் கோப்பையின் சாசர் அளவு இருக்கும். ஒரு பானையின் அடியில் அதைப் பதித்து, அந்தப் பானையை இன்னொரு பானையின் மேல் உட்காரவைத்தால், மேலே ஊற்றிய ஆற்றுத் தண்ணீர் கீழே தெளிந்து சொட்டும். முதலில் மண்ணில் மரத்தூள் கலந்து சுட்டோம். தூள் எரிந்த இடம் ஓட்டையாகும். ஆனால் மரத்தூள் நாம் சொன்னபடி கேட்காது. ஒரு தட்டு அடைத்துக்கொண்டு நிற்கும், அடுத்த தட்டு ஒழுகும்.

இதை மாற்றியது ஒரு கெட்டுப்போன பலகாரம். எங்களோடு வேலை செய்த மீனாச்சி, பல தலைமுறைக்கு முன் மலாக்காவில் குடியேறிய செட்டிக் குடும்பத்துப் பெண். பெயர் நம் பெயர், நெற்றியில் விபூதி, ஆனால் பேச்செல்லாம் மலாய். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், அதனால் காக்கா என்று கூப்பிடுவேன். மலாய்க்காரர்கள் அக்காளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் ஒரு நாள் ஆகார் ஆகார் என்ற கடற்பாசிக் கூழைக் காய்ச்சி, குளிரட்டும் என்று பக்கத்து ஐஸ் பேக்டரியில் கொடுத்துவிட்டிருந்தார். அங்கே மேஸ்திரி காதர் பாய் அதை உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குள்ளேயே இறக்கிவிட்டார். பாறையாக உறைந்துபோன அது, உருகியதும் கடற்பஞ்சுபோல் ஆகி, பிழியப் பிழியத் தண்ணீர் கொட்டியது. மீனாச்சி காக்கா பாயைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார். தவுக்கே மட்டும் அந்தப் பஞ்சை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். அதில் நேர் நேராகக் கம்பி கம்பியாக ஓட்டைகள்.

அப்புறம் ஆறு மாதம் எங்களுக்கு வேறு பேச்சே இல்லை. ஆகார் ஆகாரைக் காய்ச்சி மண்குழம்பில் கலந்தோம். தகர அச்சில் ஊற்றி, பக்கவாட்டில் குளிர் ஏறாதபடி சாக்கு சுற்றி, அடிப்பக்கம் மட்டும் குளிரும்படி ஐஸ் பேக்டரித் தொட்டியில் வைத்தோம். ஐஸ் ஊசி ஊசியாக மேல்நோக்கி வளரும், மண்ணை ஒதுக்கித் தள்ளும். உருகினால் ஊசி இருந்த இடம் வழியாகும், ஆகார் மண்ணைச் சாயாமல் பிடித்துக்கொள்ளும். இதில் ஒரே ஒரு சூட்சுமம். அச்சின் அடிப்பக்கம் சுரீரென்று குளிர்ந்தால்தான், அந்த முகத்தில் நெருக்கமான, மெல்லிய ஒரு படலம் உண்டாகும். அதை நாங்கள் தோல் என்போம். அழுக்கையும் கிருமியையும் தடுப்பது அந்தத் தோல். அதற்குப் பின்னால் இருக்கும் அகலமான வழிகள் தண்ணீரை விரைவாக இறக்கும். குளிர் சோம்பலாக ஏறினால் தோல் பிடிக்காது. மேலிருந்து கீழ்வரை எல்லாமே திறந்த வாசல்தான்.

தோல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை இருந்தது. அதைச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியின் டிரஸ்ஸர். மருந்து கொடுப்பது, புண் கட்டுவது, பிரசவத்துக்கு ஓடுவது எல்லாம் அவர்தான். நனைந்த தட்டை ஒரு டின்னின் வாயில் ரப்பர் வளையம் போட்டு இறுக்கி, தண்ணீருக்குள் அமிழ்த்தி, சைக்கிள் பம்பால் டின்னுக்குள் காற்றடிக்க வேண்டும். நல்ல தட்டு காற்றை விடாது. பம்பின் கைப்பிடி உங்களையே திருப்பித் தள்ளும் வரைக்கும் ஒரு குமிழியும் வராது. தோல் இல்லாத தட்டில் இரண்டாவது அடியிலேயே பொலபொலவென்று குமிழிகள் கிளம்பும். "காத்து சுலுவா நுழையற எடத்துல கிருமியும் நுழையும்" என்பார் டிரஸ்ஸர். ஒரு தட்டுக்குக் கால்மணி நேரம் பிடிக்கும். தோள்பட்டை கழன்றுவிடும். எனக்கு அந்த வேலை வேப்பங்காயாகக் கசந்தது.

அந்த டிரஸ்ஸர்தான் எங்களுக்கு முதல் பெரிய வேலையை வாங்கிக் கொடுத்தார். அவருடைய தோட்டத்து ஆயாக் கொட்டாய்க்கும் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கும் இருபது பானைகள். ஆயாக் கொட்டாய் என்றால் உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். தாய்மார் ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் கொட்டகை. அங்கே ஆயாவாக இருந்தது என் கூடப்பிறந்த அக்கா பொன்னம்மா. முந்தின வருஷம் அந்தத் தோட்டத்தில் வயிற்றுப்போக்கு வந்து, அக்கா பார்த்துக்கொண்ட பிள்ளைகளில் இரண்டு போய்விட்டன. அன்றிலிருந்து அக்கா ஒரு பெரிய பானையில் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் கொடுப்பார். விறகு பொறுக்குவது, ஊதுவது, ஆறவைப்பது என்று பாதி நாள் அதிலேயே போகும். "ஒன் பானை வந்தா என் அடுப்பு ஓயும்டா" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வார்.

தோட்டத்துத் துரைக்கு ஓர் ஆசை. சுதந்திர நாளுக்கு முன்பே பானைகள் வந்துவிட வேண்டும், கொடி கட்டும்போது இதையும் காட்ட வேண்டும். தவுக்கே ஒப்புக்கொண்டுவிட்டார்.

ஆகஸ்ட் நடுவில் அச்சுகளைத் தூக்கிக்கொண்டு ஐஸ் பேக்டரிக்குப் போனேன். ஊரெல்லாம் மெர்டேக்கா என்ற சுதந்திர நாளுக்கு சிராப் தண்ணீர் கலக்கத் தயாராகிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம், கிளப், கடைத்தெரு எல்லாருக்கும் ஐஸ் வேண்டும். இரண்டு வாரத்துக்கு முன்பே கட்டி கட்டியாகச் சேர்க்க ஆரம்பித்துவிட்டார்கள். காதர் பாய் வியர்க்க விறுவிறுக்க வந்தார்.

"தம்பி, நடுத்தொட்டியில எடம் இல்ல. ஒங்க அச்ச கதவோரமா வைக்கிறேன். அங்க குளிரு கொஞ்சம் மட்டுதான். ஒறைய லேட்டாகும், பரவால்லயா?"

"பரவாயில்லை பாய்" என்றேன்.

யோசிக்கவே இல்லை. இந்த வார்த்தையை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். காதர் பாய் என்னை ஏமாற்றவில்லை, எதையும் மறைக்கவில்லை. என்ன நடக்கப்போகிறது என்பதை எனக்கு நேராகவே சொன்னார். தோலைப் பற்றி ஆறு மாதம் மண்டையை உடைத்துக்கொண்ட நான்தான் பரவாயில்லை என்றேன். நாள் நெருங்குகிறது, அச்சுகள் கையில் கனக்கின்றன, எப்படியோ உறைந்தால் சரி என்று இருந்துவிட்டேன்.

அப்போதிலிருந்து இரண்டு வாரத்துக்கு மேல் மீனாச்சி காக்கா இல்லை. அவர்கள் வீட்டில் கல்யாணம். செட்டிகளின் கல்யாணம் நாள் கணக்கில் நடக்கும். உருகிய தட்டுகளை எப்போதும் கையில் எடுத்துப் பார்ப்பவர் அவர்தான். நானே உருகவைத்தேன், நானே காயவைத்தேன், நானே சூளையில் அடுக்கினேன். சூளையிலிருந்து வெளியே வந்த தட்டுகள் வெள்ளை வெளேரென்று அழகாக இருந்தன. ஒன்றில் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். குடுகுடுவென்று இறங்கியது. அதுவரைக்கும் நாங்கள் செய்த எந்தத் தட்டிலும் அந்த வேகம் இல்லை. தவுக்கேயைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், என் முதுகில் தட்டினார். எங்களுக்குக் கைவந்துவிட்டது என்று இரண்டு பேரும் நம்பினோம்.

நன்றாக யோசித்தால் அதுதான் முதல் எச்சரிக்கை. தடுக்க வேண்டிய பொருள் தடுக்காமல் விட்டால் யாராவது மகிழ்ச்சி அடைவார்களா? நாங்கள் அடைந்தோம். எங்கள் தொழிலில் இருந்தவர்கள்தான் இப்படி ஒரு தப்பைச் செய்யமுடியும். வருஷக்கணக்காக அடைத்துக்கொண்ட தட்டோடு மல்லுக்கட்டியவனுக்கு, தண்ணீர் ஓடினாலே தெய்வம் கண் திறந்த மாதிரி. பம்ப் மூலையில் கிடந்தது. இருபது தட்டு, தட்டுக்குக் கால்மணி நேரம். லாரி வெள்ளிக்கிழமை காலையில் வந்துவிடும். 'சோதிக்கப்பட்டது' என்று சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை பானைகள் தோட்டத்துக்குப் போயின. டிரஸ்ஸர் சீட்டைப் படித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அக்கா என் கண்ணெதிரிலேயே அடுப்புக்குத் தண்ணீர் தெளித்து அணைத்தார். கொதிபானையைக் கழுவிக் கவிழ்த்தார். தாய்மார்களிடம், "என் தம்பி செஞ்சது" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தார். சனிக்கிழமை சுதந்திரம். மலாக்கா பாடாங் மைதானத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று தொண்டை கிழியக் கத்தினேன். காதர் பாயின் ஐஸ் போட்ட சிராப் தண்ணீரை மூன்று கிளாஸ் குடித்தேன்.

செவ்வாய்க்கிழமை மீனாச்சி காக்கா வேலைக்குத் திரும்பினார். இருபது போக மிச்சம் இரண்டு தட்டுகள் மேசையில் இருந்தன. ஒன்றை எடுத்தார். கட்டைவிரலை நனைத்து அடிமுகத்தில் மெதுவாகத் தேய்த்தார். மறுபடியும் தேய்த்தார்.

"மணி, குலிட் தா அடா."

தோல் இல்லை என்கிறார். அப்படி இருக்காது என்று சொல்லிக்கொண்டே பம்பை எடுத்தேன். டின்னில் இறுக்கினேன், தண்ணீரில் அமிழ்த்தினேன். முதல் அடியில் ஒன்றும் இல்லை. இரண்டாவது அடியில் தட்டு முழுக்கக் குமிழிகள். அடுத்த தட்டும் அப்படியே. ஆகார் ஆகார் மெதுவாக உறைந்தால் இப்படித்தான் சொரசொரவென்று ஆகும், கை வைத்தாலே தெரியுமே, எங்கே வைத்து உறையவிட்டாய் என்று அவர் மலாயில் கேட்டார். கதவோரம் என்றேன்.

தவுக்கே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பதற வேண்டாம் என்றார். இன்னும் இரண்டு வாரத்தில் நல்ல தட்டுகள் செய்துவிடலாம், புது மாதிரி வந்திருக்கிறது என்று சொல்லிப் பழையதை மாற்றிக் கொடுத்துவிடலாம், யாருக்கும் தெரியவேண்டாம். இப்போது போய்ச் சொன்னால் துரை கப்பலில் வரும் வெள்ளைக்காரன் வடிகட்டியையே வாங்குவார். மற்ற தோட்டங்களுக்கும் செய்தி போகும். பட்டறையை மூட வேண்டியதுதான்.

அவரைக் கெட்டவர் என்று எண்ணிவிடாதீர்கள். பட்டறை மூடினால் நடுத்தெருவில் நிற்கப்போவது அவர் மட்டுமில்லை, நாங்களும்தான். அது அவருக்குத் தெரியும். ஆனால் அந்த இரண்டு வாரமும் அக்காவின் அடுப்பு அணைந்து கிடக்கும். எனக்கு மண்டைக்குள் வேறு எதுவுமே ஓடவில்லை. அணைத்தது நான். என் கையெழுத்தால் அணைத்த அடுப்பு.

"இப்பவே போறேன் தவுக்கே" என்றேன். அவர் வாயைத் திறப்பதற்குள் சைக்கிளை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு மிதித்தேன். சைக்கிளை பஸ்ஸின் கூரையில் கட்டிக்கொண்டு, இறங்கின இடத்திலிருந்து மறுபடியும் மிதித்தேன்.

நான் போய்ச் சேர்ந்தது நண்பகல். தாய்மார்கள் பால்வெட்டு முடிந்து பிள்ளைகளுக்குப் பால் கொடுக்க வந்திருந்தார்கள். அக்கா இடுப்பில் ஒரு குழந்தையோடு, கையில் டம்ளரோடு நின்றார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"என்னடா, சொல்லாம கொள்ளாம? பசியாறினியா?"

"அக்கா, தண்ணியக் காய்ச்சு. இப்பலேர்ந்து மறுபடியும் காய்ச்சு."

"ஏன்? ஒன் பானைதான் இருக்குல்ல?"

"அது சரியில்ல. நான் சோதிக்காம குடுத்துட்டேன்."

அக்கா கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். பிறகு அதைத் தரையில் கவிழ்த்தார். குழந்தையைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, கொதிபானையை நிமிர்த்தி, விறகை எடுத்து அடுக்கத் தொடங்கினார். பட்டறையில் தவுக்கே என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அக்கா அந்த விறகை அடுக்கிய விதத்தை என்னால் தாங்க முடியவில்லை.

ஒரு தாய் முன்னால் வந்தார். "அப்ப இத்தன நாளா எங்க புள்ளைங்க என்னத்தக் குடிச்சிச்சுங்க?"

"தெரியலம்மா. ஆத்துத் தண்ணியா இருக்கலாம்" என்றேன். பூசி மெழுக எனக்கு வார்த்தை வரவில்லை. அவர் என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தகும்.

டிரஸ்ஸர் வந்தார். சட்டைப்பையிலிருந்து என் சீட்டை எடுத்து விரித்தார்.

"சோதிச்சுத் தவறிப்போச்சா, சோதிக்கவே இல்லியா?"

"சோதிக்கவே இல்லங்கய்யா."

"அப்ப இந்தக் கையெழுத்து எதுக்கு?"

இன்றுவரை நான் அந்தக் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். அவர் சீட்டை நான்காக மடித்து என் கையில் வைத்தார். ஒரு சுத்தியலைக் கொண்டுவரச் சொன்னார். "இருபதையும் நீயே ஒடை. இவங்க எல்லாம் பாக்கட்டும்" என்றார். லயம் லயமாகப் போய்ப் பானைகளை வாங்கிவந்து, கொட்டாய் வாசலில் வைத்து ஒவ்வொன்றாக உடைத்தேன். ஆறு மாத உழைப்பு. நல்ல வெயில். ஒருவரும் நிழலுக்கு வா என்று சொல்லவில்லை.

அன்று மாலையே ஒரு பெண் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. டிரஸ்ஸர் அவளை வார்டில் வைத்துக்கொண்டார். நான் நான்கு நாள் தோட்டத்திலிருந்து வரும் செய்தியைக் கேட்டுக் கேட்டுச் செத்துப் பிழைத்தேன். குழந்தை தேறிவிட்டாள். தண்ணீராலா, பல் முளைப்பதாலா என்று டிரஸ்ஸரைக் கேட்டேன். "ரெண்டும் இருக்கலாம். நீ சோதிச்சிருந்தா இந்தக் கேள்வியே இருக்காது" என்றார். எனக்கு இன்னும் தெரியாது. இனி தெரியப்போவதும் இல்லை.

துரை தவுக்கேயிடம் இரண்டு வாரம் கெடு கொடுத்தார். தப்பைத் தானே வந்து சொன்னதற்காக இரண்டு வாரம் என்று டிரஸ்ஸர்தான் அவரிடம் பேசியிருக்கிறார். அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

இனிமேல்தான் உண்மையான சோதனை. அச்சுகளைத் தூக்கிக்கொண்டு ஐஸ் பேக்டரிக்கு ஓடினால், மெர்டேக்காவுக்கு மாடாய் உழைத்த இயந்திரம் படுத்துவிட்டது. பழுது பார்க்கப் பத்து நாளாகும் என்றார்கள். காதர் பாய் கையைப் பிசைந்தார். "தம்பி, மிஷின் இல்ல. ஆனா ஸ்டோர்ல வித்தது போக மிச்சம் ஐஸ் கட்டி கெடக்கு. எடுத்துக்குங்க."

வெறும் ஐஸை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதன் குளிர் தோல் பிடிக்கக் காணாது. உப்பைக் கலந்தால் குளிர் கூடும். அது எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு உப்பு, எவ்வளவு பொடியாக இடித்த ஐஸ், எத்தனை தடவை கிளற வேண்டும் என்பதுதான் யாருக்கும் தெரியாது. கிளேபாங் கடற்கரை மீனவர்களிடம் பெரிய மரத்தொட்டிகளை இரவல் வாங்கினோம். ஒரு வாரம் பட்டறையே கருவாட்டு நாற்றம். விடியும்போது ஐஸ் இடிக்க ஆரம்பித்தால் பிற்பகல்வரை இடிப்போம். தவுக்கே சட்டையைக் கழற்றிவிட்டு இடித்தார். அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை, ஆனால் இடிப்பதை நிறுத்தவும் இல்லை. காதர் பாய், "என் தொட்டியாலதானே வந்தது" என்று சொல்லி வந்து நின்றார். "என் வாயால வந்தது பாய்" என்றேன்.

முதல் தொட்டி தோல்வி. ஐஸைப் பெரிய பெரிய துண்டாகப் போட்டுவிட்டோம், அச்சின் அடியில் சரியாக ஒட்டவில்லை. உருகி வடிந்ததும் மீனாச்சி காக்கா கட்டைவிரலை வைத்தார், தலையை ஆட்டினார். எல்லாவற்றையும் பிசைந்து மறுபடியும் குழம்பாக்கினோம். இரண்டாவது தொட்டியில் உப்பை அள்ளிக் கொட்டினோம். தட்டுகள் விரிசல் விட்டன. தவுக்கே போதும் என்றார். துரையிடம் போய் முடியவில்லை என்று சொல்லிவிடுவோம் என்றார். இன்னும் ஒரு தொட்டிக்குத்தான் ஐஸ் மிச்சம் இருந்தது, அதுவும் உருகிக்கொண்டிருந்தது.

பழைய மணியமாக இருந்திருந்தால் ஐஸ் உருகுகிறதே என்று அவசரத்தில் எதையாவது கலந்திருப்பேன். அன்று நான் எல்லா அச்சையும் வைக்கவில்லை. மூன்று சின்ன வாளிகளில் மூன்று விதமாக உப்பு கலந்து, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு தட்டை உறையவைத்தேன். அதற்கு ஒரு நாள் போயிற்று. ஐஸில் கால்வாசியும் போயிற்று. காதர் பாய், "தம்பி, ஐஸு தண்ணியா ஓடுது தம்பி" என்று என் காதோரம் புலம்பிக்கொண்டே இருந்தார். ஓடட்டும் என்றேன். உருகி வடிந்த மூன்றையும் காக்கா தேய்த்துப் பார்த்து நடுவாளியைக் காட்டினார். "இனி" என்றார். மலாயில் 'இதுதான்'.

மிச்ச ஐஸில் இருபத்திரண்டு தட்டுகள் வைக்க இடம் கிடைத்தது. தோல் பிடித்தது. சூளையில் இரண்டு உடைந்தன. மிஞ்சிய இருபதையும் பம்பில் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் கால்மணி நேரம், சில சமயம் அரைமணி. ஒன்று ஓரத்தில் குமிழி விட்டது. அதைத் தவுக்கேயிடம் கொடுத்தேன். அவர் தரையில் போட்டு உடைத்தார். அதற்கப்புறம்தான் பழையபடி என்னோடு பேச ஆரம்பித்தார்.

பத்தொன்பது பானைகளோடு தோட்டத்துக்குப் போனேன். இம்முறை பம்பையும் டின்னையும் கூடவே எடுத்துப் போனேன். அக்கா வாசலில் நின்றார். பானையைத் தொடவில்லை.

"சோதிச்சியா?"

"சோதிச்சேன். நீயே அடிச்சுப் பாரு."

அவர் ஒரு பானையிலிருந்து தட்டைக் கழற்றி எடுத்தார். நான் சொன்னபடி டின்னில் இறுக்கி, தண்ணீரில் அமிழ்த்தி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பம்பை அடித்தார். ஆயாவாகும் முன் பால்வெட்டிப் பழகிய கை. கைப்பிடி அவரையே திருப்பித் தள்ளும்வரை அடித்தார். தாய்மார்கள் தலையோடு தலை முட்டக் குனிந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குமிழி வரவில்லை. என்னைத் திட்டிய அந்தத் தாய், "எங்க, நான் ஒரு தரம்" என்று பம்பை வாங்கினார்.

அக்கா பானையை ஏற்றுக்கொண்டார். ஆனால் அடுப்பை அணைக்கவில்லை. வடிந்த தண்ணீரைக் கொதிக்கவும் வைத்தார். நான் அடுப்பைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "எரியட்டும், ஒனக்கென்ன?" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பம்பைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அந்தத் தோட்டத்துக்குப் போனேன். பானை பானையாகத் தட்டைக் கழற்றிச் சோதித்துவிட்டு மறுபடியும் பதித்துவிட்டு வருவேன். யாரும் என்னை வரச் சொல்லவில்லை. 'பம்ப் மணியம் வர்றான்' என்று பிள்ளைகள் கத்தும். பெயர் அப்படித்தான் வந்தது. பின்னாளில் வேறு ஆலைகளில் வேலை பார்த்தேன், மேற்பார்வையாளன் ஆனேன், எனக்குக் கீழே நூறு பேர் இருந்தார்கள். சோதிக்காத எதற்கும் அதன்பிறகு நான் கையெழுத்துப் போட்டதில்லை. அவசரம் என்று என் முன்னால் வந்து நின்ற முதலாளிகளிடம் முடியாது என்றேன். இரண்டு தடவை அதற்காக வேலையை இழந்தேன். வருத்தமில்லை.

உங்கள் திரையில் ஓடும் எண்கள் நல்லவைதான். ஆனால் கதவோரத்தில் குளிர் மட்டு என்று உங்களிடம் யாராவது வந்து சொல்வார்கள். சொல்லும் ஆள் துடைப்பத்தோடு நிற்பவராக இருக்கலாம். அந்த நேரம் பரவாயில்லை என்று உங்கள் வாயில் வரும். பல்லைக் கடித்துக்கொண்டு, எவ்வளவு மட்டு என்று கேளுங்கள். எதிர்பாராமல் ஏதாவது நன்றாக, வேகமாக நடந்துவிட்டால் முதுகில் தட்டிக்கொள்ளும் முன் பம்பைத் தேடுங்கள்.

இனி மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். தீபாவளி தாண்டி ஒரு நாள் வழக்கம்போலப் பம்போடு ஆயாக் கொட்டாய்க்குப் போனேன். அக்கா ஏணையில் ஒரு குழந்தையை ஆட்டிக்கொண்டிருந்தார். அதே பெண் குழந்தை, வார்டில் இருந்து வந்தவள். எங்கள் பானையிலிருந்து ஒரு டம்ளர் பிடித்து எனக்குக் கொடுத்தார். தண்ணீர் குளிர்ந்திருந்தது. அடுப்பு எங்கே என்று திரும்பினேன். கொதிபானை சுவரோரம் கவிழ்ந்து கிடந்தது. அடுப்புச் சாம்பலில் தோட்டத்துப் பூனை சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

அடுப்பில் பூனை தூங்கினால் வீட்டில் தரித்திரம் என்பார்கள். நான் அந்தப் பூனையைப் பார்த்துக்கொண்டு நின்றேன், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எப்போது அணைத்தாய் என்று அக்காவிடம் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பானையிலிருந்து தட்டைக் கழற்றி, பம்பை எடுத்தேன்.